பழைய கோடாலி வாங்குவோர் கவனத்திற்கு: வண்ணப்பூச்சுக்கு அடியில் இருந்த விரிசல்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்தில் புழங்கிய, இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் செய்த கோடாலி என்று சொல்லி, பழைய கருவிகளை இணையத்தில் விற்கும் ஒருவர் எனக்கு 3,500 ரூபாய்க்குக் கொடுத்த கோடாலி, தைலமர விறகைப் பிளக்கும்போது வாய்ப்பகுதியில் இரு விரல் அகலத்துக்கு உடைந்து தெறித்தது. அந்தத் துண்டு விறகுக் கொட்டகையின் பலகையில் குத்தி நின்றது. அங்கே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் சித்தப்பா மகனுக்கு நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. அந்த விற்பனையாளர் இன்னும் இதேபோன்ற கோடாலிகளை விற்றுக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது அதில் இரண்டு நிறங்கள் தெரிந்தன. ஒரு பாதி புதிதாக உடைந்த எஃகு. சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் பருமணியாக மின்னியது. மறுபாதி பழுப்பாகத் துருவேறியிருந்தது. அதன் விளிம்பில், கோடாலித் தலைக்குப் பூசியிருந்த அதே கறுப்பு வண்ணம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. வண்ணம் பூசுவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எங்கள் ஊர்க் கொல்லர் காம்பைத் தட்டிக் கழற்றினார். துளையின் உட்சுவரில் கரியும் செதிலும் ஒட்டியிருந்தன. இறுகிப்போன பழைய காம்பை எடுக்கச் சோம்பல்பட்டு, தலையோடு சேர்த்து நெருப்பில் போட்டு எரித்திருக்கிறார்கள் என்றார். அப்படிச் செய்தால் பழைய தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி எஃகுக்கு ஏற்றிய கடினம், போய்விடும். அதை ஈடுகட்ட மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிவிட்டு, அதன்பின் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டால், வாய் மிகக் கடினமாக இருக்கும், ஆனால் அடி தாங்காது. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்து எஃகு மேலும் நொறுங்கும். அவர் அரத்தை வாயில் வைத்து இழுத்தபோது அது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது.

விற்றவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டதற்கு, “பழைய இரும்பு என்றால் அப்படித்தான் சார், பார்த்து வெட்டியிருக்க வேண்டும்” என்று பதில் வந்தது. இது உண்மையல்ல. சும்மா கிடப்பதால் எஃகு கிழடாகி நொறுங்குவதில்லை. முறையாகத் தோய்ச்சல் போட்டு, துருவேறாமல் காக்கப்பட்ட கோடாலி நூறு ஆண்டுக்குப் பின்னும் நன்றாகவே வெட்டும். அதைக் கெடுப்பது நெருப்பும், கிரைண்டரில் சூடேறி நீலம் பாயும்வரை தீட்டுவதும், விரிசலை வெல்டிங்கால் மூடுவதும், கோடாலியின் பின்தலையைச் சம்மட்டியால் அடித்து ஆப்பாகப் பயன்படுத்துவதும்தான்.

ஆகவே புதிதாக வண்ணம் பூசிய பழைய கோடாலியை வாங்காதீர்கள்; துருவோடு இருப்பதையே கேளுங்கள். பழைய கோடாலிகள் பலவற்றில் மெல்லிரும்பு உடலில் எஃகு வாயை உலையில் ஒட்டியிருப்பார்கள்; அந்த ஒட்டுக்கோட்டையும், காம்புத் துளையின் இரு மெல்லிய பக்கங்களையும் கட்டாயம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வண்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். வாயில் அரம் சற்றே பிடிக்க வேண்டும். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் அதைக் கொண்டு விறகு பிளக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர விற்றவர் மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இதேபோல் உடைந்த கோடாலி உங்களிடம் இருந்தால் தூக்கி எறியாமல், உடைந்த முகத்தைத் தேய்க்காமல் துணியில் சுற்றி வையுங்கள். ரசீதோடு சேர்த்துக் காட்ட அதுவே முதல் சான்று.