கேஸ் டிடெக்டர்: பெல்லிஸ்டரா, இன்ஃப்ராரெட்டா?

எரியக்கூடிய வாயு கசிகிறதா என்று கண்காணிக்கப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் மாட்டியிருப்பார்கள்: வாயுவை வினையூக்கியின் மேல் எரித்து அளக்கும் பெல்லிஸ்டர், அல்லது வாயு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் இன்ஃப்ராரெட். விலை, ஆயுள் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். பழுதானால் எது வாய் திறந்து சொல்லும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெல்லிஸ்டரில் கம்பி அறுந்தால் பேனலில் ஃபால்ட் விளக்கு எரியும். ஆனால் சிலிகான் ஆவி பட்டு அதன் வினையூக்கி செத்துப்போனால் ஒன்றுமே தெரியாது. ரீடிங் பூஜ்யம், விளக்கு பச்சை, நாமும் நிம்மதியாக இருப்போம். பக்கத்தில் யாரோ சிலிகான் சீலன்ட் பூசியதுகூட இதற்குக் காரணமாகலாம். டெஸ்ட் கேஸ் காட்டி, ரீடிங் ஏறுகிறதா என்று பார்க்கும் ‘பம்ப் டெஸ்ட்’ (bump test) செய்தால்தான் குட்டு உடையும்.

இன்னொரு சிக்கல், அது வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. வாயு மிக அடர்த்தியானால் எரிய ஆக்சிஜன் போதாமல், ஏறிய ரீடிங் மறுபடி இறங்கும். அலாரம் அடித்துவிட்டு அளவு தானாக இறங்கினால், கசிவு நின்றுவிட்டது என்று உள்ளே போகவே கூடாது. காற்றில் வாயு எத்தனை சதவீதம் (வால்யூம்) என்று காட்டும் மீட்டரால் பாதுகாப்பான இடத்திலிருந்து உறுதிசெய்த பிறகுதான் அலாரத்தை ரீசெட் செய்யலாம்.

இன்ஃப்ராரெட் இந்த விஷயத்தில் நேர்மையானது. லென்ஸில் அழுக்கோ ஈரமோ படிந்து ஒளி மங்கினால் தானே ஃபால்ட் கொடுக்கும். ரீடிங்கைப் பேனலுக்கு அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் லைனில் சிக்னல் வழக்கமாக 4-க்குக் கீழே போகும். பல நேரம் துடைத்தாலே சரியாகிவிடும். ஆக்சிஜனும் தேவையில்லை.

ஆனால் ஹைட்ரஜன் அதன் கண்ணில் படவே படாது. எனவே ஹைட்ரஜன் வெளிவரும் பேட்டரி சார்ஜ் ஆகும் அறைக்கு, பம்ப் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாத ஆள் இருந்தால், பெல்லிஸ்டர்தான்.