பத்மநாபபுரம் அரண்மனை: தரையைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பஸ் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நான் டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரன். எல்லோரும் அண்ணாந்து மர வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண் தரையை விட்டு ஏறவில்லை. கறுப்பாக, நிழல் விழுகிற அளவுக்கு மினுங்குகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்கிறார்கள். ஜாயின்ட் என்று ஒன்று கண்ணில் படவில்லை. இன்று இந்த வேலைக்கு ஆள் கேட்டால் என் கூட்டாளிகள் போனை வைத்துவிடுவார்கள்!

ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சாய்வான மரச்சட்டங்கள் வழியாக வெளிச்சம் அளவாக இறங்குகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஃபேன் நினைப்பே வராது. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது, விடாமல் பாருங்கள். ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம்தான். மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. எனக்கு அதில் வருத்தமில்லை. மரமும் ஓடும் நன்றாகவே இருக்கின்றன.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு, முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். அரை மார்க் அதற்குத்தான். செருப்பை வெளியே விட வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்.