மண்டபத்தில் மூன்று நாள் விற்பனை: ஹீட்டரும் கம்பளியும் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள், அதிலும் என்னைப் போல சமவெளியிலிருந்து புதிதாக மலைக்கு வந்தவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குப் போனது 5,200 ரூபாய், ஒரு ப்ளக் பாயின்ட், ஒரு ராத்திரித் தூக்கம். வீடே போயிருக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோதுதான் பணத்தைப் பற்றிப் புலம்புவதை நிறுத்தினேன்.

வீட்டுக்காரருக்கு போன ஜூனில் திருவாரூரிலிருந்து ஊட்டிக்கு மாற்றல். காந்தல் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அத்தை. ஜூலை மழைக்குளிரைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். அக்டோபர் கடைசியில் காலையில் கொடிக்கம்பி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நீர்ப்பனிம்மா. உறைபனி இனிமேத்தான். டிசம்பர்ல புல்லு மேல உப்புக் கொட்டினாப்ல கிடக்கும், பாரு." பொட்டானிக்கல் கார்டனில் பூச்செடிகளையே மிலார் என்கிற செடியை வைத்து மூடிக் காப்பாற்றுகிற ஊர் இது. எங்களிடம் இருந்ததோ இரண்டு ஜமுக்காளமும் நாலு பருத்திப் போர்வையும்.

தீபாவளி போனஸில் 6,000 ரூபாயைக் குளிருக்கென்று தனியாக எடுத்து வைத்தேன். அந்த வாரமே பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. சிவப்பு எழுத்தில் 'ஏற்றுமதி மிச்சம், மூன்று நாட்கள் மட்டும்', ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர், ஒரு செல் நம்பர். ஞாயிற்றுக்கிழமை, அதாவது கடைசி நாள், போனோம்.

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. இருநூறு பேருக்குக் குறையாது. மேடையில், மணமக்கள் உட்காருகிற இடத்தில், கம்பளிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஓரத்து மேசையில் ஒரு பையன் சுவரில் நேராகச் செருகுகிற சின்ன ஹீட்டரை ஓடவிட்டிருந்தான். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். "கையை வெச்சுப் பாருங்கக்கா." வைத்தேன், சுட்டது. "வெறும் 400 வாட்ஸ். ரூம் முழுக்க அஞ்சே நிமிஷம். ராத்திரி பூரா ஓடினாலும் மாசம் அம்பது ரூபா கரண்டு வராது." வெளியே விறைத்துப்போய் வந்தவளுக்கு அந்த மண்டபமே கதகதவென்று இருந்தது. ஆகா, இத்தனை பெரிய ஹாலையே சூடாக்குகிறதே என்று நினைத்துவிட்டேன்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட்ஸ் வெப்பம் வெளியே வருகிறது. இருநூறு பேர் என்றால் 20,000 வாட்ஸ். அந்த ஹீட்டரில் ஐம்பது ஓடுவதற்குச் சமம். மண்டபத்தைச் சூடாக்கியது வாங்க வந்த நாங்கள்தான்! வீட்டுக்கு அந்த ஹீட்டர் என்ன செய்யும்? நாலு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு தரும். காபி போட்டுக் கொடுக்கிற வேலை மிச்சம்.

கரண்டுக் கணக்கும் பொய். 400 வாட்ஸ் எட்டு மணி நேரம் ஓடினால் 3.2 யூனிட், ஒரு மாதத்துக்கு 96 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஃப்ரிட்ஜும் டிவியுமே தின்றுவிடும். ஹீட்டர் இழுப்பது முழுக்கக் காசு கொடுக்கிற யூனிட்.

ஹீட்டர் ஒன்று 999 என்று இரண்டு, '100% ப்யூர் வுல்' கம்பளி 1,100 வீதம் மூன்று. கூட்டினால் 5,298. "அக்காவுக்காக 5,200" என்றார்கள். ஜிபே பண்ண செல்லை எடுத்தேன். "காலையிலேர்ந்து சர்வர் இல்லக்கா, கேஷா குடுத்துருங்க." பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்கள். கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பின்னால் நின்ற கூட்டம் தள்ளியதில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வீட்டில் எங்கள் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினாலு, உயரம் பதினோரு அடி. பெரியவன் சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு வாங்கிய தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டினான். போடும்போது 12 டிகிரி. இரண்டு மணி நேரம் கழித்து 13. "அம்மா, ஒண்ணு ஏறியிருக்கு" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சரி, பக்கத்தில் படுப்பவருக்காவது உதவட்டும் என்று ஒன்றை அத்தை கட்டிலுக்கு அருகே போட்டுவிட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். "ஏதோ கருகுற நாத்தம் வருதுடி" என்று அத்தை எழுப்பினார். லைட்டைப் போட்டால், ஹீட்டர் சுவரிலிருந்து தலை தொங்கிக் கிடக்கிறது. ப்ளக் பாயின்ட்டின் வெள்ளை ப்ளாஸ்டிக் பழுப்பாகி, வழிந்து, ஒரு ஓரம் குமிழ் விட்டிருந்தது. கட்டிலில் தொங்கிய கம்பளி நுனிக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. மெயினை அணைத்தோம். அப்புறம் விடியும்வரை யாரும் படுக்கவில்லை.

காலையில் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பொருளைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார். "இது இழுக்கிறது ரெண்டு ஆம்பியர்கூட இல்லக்கா. அதனால கருகல. இதோட பின் நம்ம ஊர் பாயின்ட்டுக்கானதே இல்ல, அதான் அடாப்டர் ஃப்ரீன்னு குடுத்திருக்கான். பாருங்க, எப்படி ஆடுது. லூஸா இருக்கிற இடத்துலதான் சூடு ஏறும்." எர்த் பின்னும் கிடையாது என்று காட்டினார். பிறகு அட்டைப்பெட்டியைத் திருப்பினார். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது, அதைப் பார்த்துத்தானே நானும் வாங்கினேன். ஆனால் அசல் முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று போட்டு உரிம எண் இருக்க வேண்டுமாம். இதில் சிஎம்/எல் என்ற எழுத்து மட்டும், எண் இருக்க வேண்டிய இடம் காலி. எண் இருந்தாலும் நம்பிவிட வேண்டாம், 'பிஐஎஸ் கேர்' என்கிற அரசு செயலியில் அதைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும் என்றார். மண்டபத்தில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் செய்திருக்கக்கூடிய வேலை.

சந்தேகம் வந்த பிறகு கம்பளி மட்டும் தப்புமா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினேன். அசல் கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், மிச்சம் விரலில் தேய்த்தால் பொடியாகும். இது ப்ளாஸ்டிக் வாடையோடு உருகி, நுனியில் கறுப்பாகக் கடுகு போல இறுகிக்கொண்டது. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. 'எடை 3 கிலோ' என்று போட்டிருந்ததை மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 1 கிலோ 350 கிராம். செயற்கை நூல் போர்வை கெட்டது என்று சொல்ல வரவில்லை, லேசாக இருக்கும், சீக்கிரம் காயும். அதே மாதிரிப் போர்வையை பஜாரில் 450 ரூபாய்க்கு உண்மையைச் சொல்லியே விற்கிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

மண்டபத்துக்குப் போனேன். கல்யாணத்துக்கு நாற்காலி கழுவிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்காரர்கள் அந்த ஞாயிறு ராத்திரியே வண்டி ஏற்றிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். நோட்டீஸ் நம்பர் சுவிட்ச் ஆஃப். மண்டபம் எடுத்தவர் விவரத்தை மேனேஜர் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் விற்றவர் பெயர் என்ன, முகவரி என்ன என்று கேட்டபோது என் கையில் இருந்தது அந்த எஸ்டிமேட் துண்டு மட்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். யார் மேல் போடுவது? ஜிபேயில் கொடுத்திருந்தால் ஒரு பெயராவது மிஞ்சியிருக்கும். அந்த சர்வர் ஏன் படுத்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதைவிட முக்கியமான ஒன்று. ஹீட்டர் போன அன்று சாயங்காலம், என் வீட்டுக்காரர் கரிச்சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுவரப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்: "அதை உள்ள கொண்டு போகாதீங்க! கதவைச் சாத்திட்டுப் படுத்தா எந்திரிக்க மாட்டீங்க!" கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகையே இல்லாமல் கனன்றாலும் அது வரும். தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலையூர்களில் இப்படிச் செத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான் என்றார். தயவுசெய்து இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மிச்சம் இருந்தது 800 ரூபாய். அந்த அம்மா சொன்னபடிதான் செலவு செய்தேன். ஜன்னல் சட்டத்தில் ஒட்ட ஃபோம் டேப், ஒரு சுடுதண்ணீர்ப் பை, மளிகைக்கடையில் பழைய சணல் சாக்கு ஆறு. சாக்கைப் பிரித்துத் தரையில் விரித்து மேலே ஜமுக்காளம். அத்தையின் பழைய சேலையைக் குழாய் மாதிரித் தைத்து மணல் நிரப்பிக் கதவடியில் போட்டோம். பிள்ளைகள் அதற்கு மலைப்பாம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலே இருக்கும் வென்டிலேட்டரை மட்டும் அடைக்கவில்லை. அடைத்தால் ராத்திரி விடுகிற மூச்சே சுவரில் ஈரமாகப் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தோம். தூங்கும்போது நூறு வாட்ஸை விடக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் ஐந்து பேரின் உடம்புச் சூடு, செலவில்லாமல். ஆணியில் தொங்கிய தெர்மாமீட்டர் காலையில் 15 காட்டியது. பெரியவன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறான்.

உறைபனி உச்சத்தில் இருந்த ஜனவரியில், ஊரில் நிரந்தரமாக இருக்கும் கடையில் பில்லோடு ஒரு 2,000 வாட்ஸ் ஹீட்டர் தவணையில் வாங்கினோம். 16 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும், படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம். இரண்டு யூனிட்டோடு முடிந்துவிடும்.

மண்டபத்தில் வாங்கிய இரண்டாவது ஹீட்டர் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தது. நேற்றுப் பேப்பருக்குள் மறுபடி ஒரு நோட்டீஸ். அதே சிவப்பு எழுத்து, அதே 'மூன்று நாட்கள் மட்டும்', வேறு மண்டபம், வேறு நம்பர். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். உருகிய ப்ளக் பாயின்ட்டும் ஒரு கவரில் இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமை காலையிலேயே போகப்போகிறேன். என்னைப் போல ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.