மஃபினுக்கு எந்தப் பழம்: கதலியா, கறுத்தக்கொழும்பானா, பனங்களியா?

மஃபின் என்றாலே புளூபெரி தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதற்கு அலையத் தேவையில்லை. 250 கிராம் கோதுமை மா, 120 கிராம் சீனி, 2 முட்டை, 80 மில்லிலீற்றர் எண்ணெய், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இந்த அளவை மாற்றாமல் பழத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஏனென்றால் ஆசை அதில்தான். ஆனால் மாம்பழத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர், மசித்துக் கலந்தால் 25 நிமிடம் வெந்த பிறகும் நடு ஈரமாகக் களிபோல நிற்கும். சரி, சாற்றைக் காய்ச்சி வற்றவைப்போம் என்று பார்த்தால், எந்த வாசத்துக்காக அந்தப் பழத்தை எடுத்தோமோ அதுவே அடுப்பில் போய்விடுகிறது. துண்டுகளாக வெட்டி, மாவில் பிரட்டி மேலே தூவினால் ஓரளவு வரும். என்றாலும் கறுத்தக்கொழும்பானை அவணில் வைக்க எனக்கு இனி மனம் வராது, அது கையில் சாறு வழியச் சாப்பிட வேண்டிய பழம்.

கதலி வாழைப்பழம் சொல் கேட்கும் பழம். நீர்வேலிப் பக்கத்துக் கதலி, தோலில் கறுப்புப் புள்ளி விழுமட்டும் கனிய விட்டு, முள்ளுக்கரண்டியால் மசியுங்கள், கூழாக்க வேண்டாம். கடலைப் பருப்பளவு கட்டிகள் கிடந்தால்தான் வெந்த பிறகு அந்த இடங்கள் ஜாம் மாதிரி இளகியிருக்கும். 300 கிராம் பழத்துக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போதும், பழத்தின் புளிப்போடு சேர்ந்து பொங்கும், கூடினால் சவர்க்கார ருசி வரும். அடுத்த நாள் இன்னும் மெதுவாக இருக்கும்.

எந்தப் பழமானாலும் மா கலந்ததும் பத்துப் பன்னிரண்டு கிளறலோடு நிறுத்துங்கள், அங்கங்கே மா தெரிந்தால் பரவாயில்லை, அதிகம் அடித்தால் இறுகிவிடும். கிண்ணத்தில் முக்கால்வாசி, 190 பாகை செல்சியஸில் 20 நிமிடம்.

பனங்களிக்குத்தான் வேலை அதிகம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும், பிசைந்து, தும்பு போகத் துணியில் வடித்து, செய்முறைச் சீனியில் பாதியைச் சேர்த்துத் தாச்சியில் கைவிடாமல் கிளற வேண்டும், பனங்காய்ப் பணியாரத்துக்குச் செய்கிற மாதிரியே. பச்சை வாசமும் போகும், பனம்பழத்தில் இயல்பாக இருக்கும் ஃபிளாபெலிஃபெரின் என்ற பொருள் தருகிற கசப்பும் அமுங்கும். களி தடிப்பு, அதனால் 200 கிராம் போதும், வேகவும் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகும். கதலி அளவுக்குப் பொங்காது, கொஞ்சம் அடர்த்திதான். ஆனால் அவண் கதவைத் திறக்கும்போது வருகிற வாசமும், பிட்டதும் தெரிகிற அந்தச் செம்மஞ்சளும் வேறு எந்தப் பழத்திலும் இல்லை, எனக்கு இதுதான் முதலிடம்.

காய்ச்சிய களியை ஆறவைத்து, 200 கிராம் 200 கிராமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், மார்கழி மழையிலும் எடுத்துப் போடலாம்.