இல்லாத மாவட்டத்துக்கு ஒரு மேப்

வட இங்கிலாந்தின் பென்ரித் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 2 பவுண்டுக்குக் கிடைத்தது: பிரிட்டிஷ் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே போடும் எக்ஸ்ப்ளோரர் நடைப்பயண மேப், தாள் எண் ஓஎல்19. ஹௌகில் குன்றுகளும் ஈடன் பள்ளத்தாக்கின் மேல்பகுதியும். ஆரஞ்சு அட்டை, இரண்டு பக்கமும் அச்சு, தரையில் 1 கி.மீ. என்றால் தாளில் 4 செ.மீ.

வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்கள்கூட மெல்லிய கோடுகளாக இருக்கின்றன. மாலர்ஸ்டாங் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கியபோது, ஏறிக் கடந்த சுவர்களை எண்ணித்தான் கீழே வந்தேன். ஈடன் ஆறு பிறப்பது இங்கேதான். தெற்கே போகாமல் வடக்கே சால்வே கடற்கழிக்குப் போகிறது.

என்னுடையது பழைய பதிப்பு. அதில் யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் எல்லை மாலர்ஸ்டாங்குக்குத் தெற்கேயே நின்றுவிடுகிறது. 2016-இல் அது நகர்ந்தது. கம்ப்ரியா கவுன்டியில் இருக்கும் ரேவன்ஸ்டோன்டேல் கிராமத்தில் வீட்டை நீட்டிக் கட்ட வேண்டுமானால் இன்று யார்க்‌ஷர் பெயர் கொண்ட பூங்கா ஆணையத்திடம்தான் அனுமதி கேட்க வேண்டும். அப்புறம் 2023 ஏப்ரலில், இந்தப் பகுதி சேர்ந்திருந்த ஈடன் மாவட்டமே போய்விட்டது. 2,100 ச.கி.மீ.க்கு மேல் பரப்பு, ஆள் என்னவோ ஏறத்தாழ 55,000 பேர். 1974-இல் உருவான கவுன்சில் அது. அதுவரை குப்பை எடுப்பது மாவட்டம், குப்பை லாரி ஓடும் ரோட்டைப் பார்ப்பது அதற்கு மேலே இருந்த கவுன்டி. இப்போது இரண்டுமே வெஸ்ட்மோர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற ஒரே கவுன்சிலிடம்.

ஆனால் பாரிஷ், அதாவது கிராம அளவிலான மிகச் சிறிய நிர்வாகப் பிரிவின் எல்லையைக் காட்டும் கறுப்புப் புள்ளிவரிசை மட்டும் அப்படியே செல்லுபடியாகிறது. சில இடங்களில் ஓடையோடு போய், சட்டென்று விலகி மலைமுகட்டில் ஏறும். ஆட்டு மேய்ச்சலை வைத்துப் பிரித்திருப்பார்கள் என்பது என் ஊகம். மாலை நேரத்தில் டீயோடு உட்கார்ந்து விரலால் அந்தப் புள்ளிகளைத் தொடர்வதற்கே 2 பவுண்டு தகும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முழு ஈடன் மாவட்டமும் இந்தத் தாளில் வராது. அல்ஸ்வாட்டர் ஏரிக்கு ஓஎல்5, 893 மீட்டர் உயர கிராஸ் ஃபெல் மலைக்கு ஓஎல்31. நடக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் புதிய பதிப்பை, அதுவும் பிளாஸ்டிக் பூச்சு போட்டதை எடுங்கள். நான் சிக்கனம் பார்த்தேன். மழையில் காற்றோடு மல்லுக்கட்டி விரித்ததில் மடிப்பில் கிழிந்தது. உள்ளூர்க்காரர்கள் ‘கர்பி’ என்று சொல்லும் கிர்க்பி ஸ்டீவன் ஊர் இப்போது செலோடேப்புக்கு அடியில் இருக்கிறது.