கார் ஸ்டீரியோ மாற்றுகிறீர்களா? ஜிபிஎஸ் ஆன்டெனாவை எங்கே ஒட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்

ராமநாதபுரத்தில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம், இந்த வேலையை எந்த ஊர்க் கடையும் செய்யும். பாட்டு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் அருமை. வழி காட்டுவதில்தான் கோளாறு. திருப்புல்லாணியில் சேதுக்கரைப் பிரிவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு "திரும்பவும்" என்கிறது. பாம்பன் பாலத்தில் ஏறினால் அம்புக்குறி பாலத்தை விட்டு விலகிக் கடலுக்குள் போகிறது. பின்சீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

கடையில் போய்க் கேட்டேன். "கடலோரத்துல சிக்னல் இப்படித்தாண்ணே இருக்கும். தனுஷ்கோடி பக்கம் சிலோன் டவர் வேற இழுக்கும்" என்றார் மாட்டிய தம்பி. மறுபடி போனபோது பேச்சு மாறியது. "மேப் பழசுண்ணே, புது கார்டு போட்டா சரியாயிரும்." 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மெமரி கார்டைச் செருகினார்கள். அதற்குப் பிறகும் அம்புக்குறி கரையேறவில்லை.

இரண்டு காரணமுமே கதை. ஜிபிஎஸ் சிக்னல் டவரிலிருந்து வருவதில்லை, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேராக வருகிறது. டவரும் நெட்டும் மேப்பை இறக்கவும் முதல் இடத்தைச் சீக்கிரம் பிடிக்கவும் உதவும், அவ்வளவுதான். அதனால் இலங்கை டவர் இழுத்தால் போனில் ரோமிங் குழப்பம் வரலாம், அம்புக்குறி நகராது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். மரமோ மாடிக் கட்டடமோ இல்லாத பாம்பன் பாலத்தில் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அங்கே தெரியாத சிக்னல் வேறு எங்கே தெரியும்?

மேப் பழசு என்பதும் அப்படித்தான். மேப் பழசானால் சாலையே இருக்காது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை 2017-ல்தான் திறந்தது. அதற்கு முந்தைய மேப்பில் அங்கே வெறும் மணல்தான் தெரியும். ஆனால் பாம்பன் சாலைப் பாலம் 1988-லிருந்து இருக்கிறது. அது இல்லாத மேப் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரியவில்லை. சாலை சரியாகத் தெரிந்து, வண்டி மட்டும் தள்ளித் தெரிந்தால் குறை மேப்பில் இல்லை, சிக்னல் வாங்கும் இடத்தில் இருக்கிறது.

உச்சிப்புளியில் வயரிங் பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் முதலில் என் போனை டேஷ்போர்டு மேல் வைத்து ஓட்டச் சொன்னான். போன் சாலையிலேயே நின்றது. "அப்ப கண்ணாடி ஃபிலிம்லயும் குத்தம் இல்ல மாமா, பெட்டியைக் கழட்டணும்" என்றான். உலோகம் கலந்த ஃபிலிமாக இருந்தால் போனும் தடுமாறியிருக்குமாம்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் தெரிந்துவிட்டது. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டிதான் ஜிபிஎஸ் ஆன்டெனா. ஒரு பக்கம் காந்தம் இருக்கும். மறுபக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அதை வயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றி, இரும்புச் சட்டத்துக்கு அடியில் குப்புறத் தள்ளியிருந்தார்கள். ஸ்டீரியோவில் ஜிபிஎஸ் டெஸ்ட் செயலியைப் போட்டுப் பார்த்தோம். சிக்னல் அளவு எல்லாமே இருபதுகளில் கிடந்தது. ஆன்டெனாவை முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் ஓரத்தில் நிமிர்த்தி ஒட்டியதும் நாற்பதைத் தொட்டது. வயரை ஏர்பேக் விரியும் பாதையில் விடாமல் கொண்டுபோனான். மலிவான சிகரெட் லைட்டர் சார்ஜரும் டேஷ்கேமும்கூட சிக்னலைக் கெடுக்குமாம், சந்தேகம் வந்தால் முதலில் அவற்றைப் பிடுங்கிப் பார்க்கலாம்.

மாட்டும்போது டேப்பை அங்கே சுற்றாமல் மேலே ஒட்டியிருந்தால் கடைக்காரருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதை மிச்சம் பிடித்ததோடு, அதே கோளாறுக்கு என்னிடமே காசும் வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். சரி, கார்டையாவது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "பிரிச்ச கார்டு எடுக்க மாட்டோம்ணே" என்கிறார்கள். பில்லில் 'மேப் அப்டேட்' என்று அவர்கள் கையாலேயே எழுதித் தந்திருப்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.