எங்கள் குசினியில் ஓலையும் மரமும்: 11 வருடப் பாவனை

2014இல் கல்யாணமாகி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தனிச் சமையல் தொடங்கியபோது அம்மா ஒரு கடகத்துக்குள் (பனையோலைக் கூடை) சாமான்களை அடுக்கித் தந்தார். நீத்துப்பெட்டி, சுளகு, முதிரை மரத்து இடியப்ப உரல், இரண்டு சிரட்டை அகப்பை. அந்தக் கடகமும் உரலும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. நீத்துப்பெட்டி மட்டும் இப்போது ஆறாவது. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். அதனால் அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நீத்துப்பெட்டி புட்டு அவிப்பதற்காகக் கூம்பு வடிவில் பனையோலையால் இழைத்தது. கூர் கீழே இருக்கும்படி கொதிக்கிற பானையின் வாய்க்குள் வைத்து, உள்ளே குழைத்த மாவைப் போட்டு மூடி அவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அலுமினியக் குழலும் இருக்கிறது. அவசரத்துக்கு அது சுகம். ஆனால் குழலில் நீராவி குளிர்ந்து விளிம்பில் நீராக நிற்கும், அந்த இடத்துப் புட்டு களியாகிவிடும். ஓலை அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய்ப்பூவோடு உதிரி உதிரியாகத் தட்டில் கொட்டும் புட்டு வேண்டுமென்றால் நீத்துப்பெட்டிதான். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவுக்கும் குரக்கன் (கேழ்வரகு) மாவுக்கும் வேறு எதையும் நான் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இடியப்பத்துக்குக் கோதுமை மா அவிப்பதும் இதில்தான்.

முதல் நான்கு பெட்டியும் நெடுநாள் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரே மாதிரிப் போனது. முதலில் கூர்ப்பக்கம் கறுக்கும். பிறகு மடிப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பிறகு ஒருநாள் கழுவும்போது அந்த மடிப்பு விரலோடு வந்துவிடும். நான் வாங்கிய அதே ஆளிடம் அம்மா வாங்கிய பெட்டி அவர் வீட்டில் வருடக்கணக்கில் இருந்தது. என்ன வித்தியாசம் என்று எனக்கு 2022 வரை புரியவில்லை.

அந்த வருடம் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது நாங்களும் பின் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டினோம். ஐந்தாவது நீத்துப்பெட்டியைக் கழுவிவிட்டு வேறு இடமில்லாமல் அடுப்புக்கு மேலே ஆணியில் கொழுவினேன். புகையில் நாளடைவில் தேன் நிறமானது. பூஞ்சணம் வரவே இல்லை. மூன்று வருடம் உழைத்தது! அம்மா வீட்டில் எல்லாமே அடுப்புப் புகட்டுக்கு மேலே தொங்கியது அழகுக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. காஸ் வந்த பிறகும் அந்த விறகு அடுப்பைக் கலைக்கவில்லை.

புகை இல்லாத வீட்டில் என்ன செய்வது? சாவகச்சேரிப் பக்கம் ஓலை இழைக்கும் ஓர் ஆச்சியிடம் கேட்டேன். “அவிச்சு முடிஞ்ச உடனை கவிட்டு வையாதை பிள்ளை. உதறிப்போட்டு வெய்யிலிலை கொழுவி விடு. சவர்க்காரம் போடாதை” என்றார். நான் செய்துகொண்டிருந்தது இரண்டும்தான்: சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பேன், பிறகு மேசையில் கவிழ்த்து வைப்பேன். உள்ளே ஈரம் போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

ஓலையைப் பார்த்து வாங்கவும் அவரிடம்தான் பழகினேன். குருத்தோலை வெள்ளையாக, மெதுவாக இருக்கும். பெட்டிக்கும் பாய்க்கும் அது நல்லது. சார்வோலை முரடு, கடகத்தின் வெளிப்பக்கத்துக்கு ஏற்றது. உயரப் பனையில் ஏறி ஓலை வெட்ட இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் கைக்கு எட்டும் வடலி (இளம்பனை) ஓலையையே நம்பியிருக்கிறார். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறித்த பனைகள் எத்தனை! ஒரு வடலி காய்க்கும் பனையாக ஒரு தலைமுறை வேண்டும்.

சுளகில் ஒரு தடவை ஏமாந்தேன். சந்தைப் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் விளிம்பை நாரால் கட்டாமல் சாமான் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டியால் கட்டியிருந்தார்கள். அரிசி புடைக்கப் புடைக்க அது இளகி, இரண்டாம் மாதம் வளையம் தனியே வந்தது. திருப்பிக் கேட்டதற்கு “இப்ப எல்லாம் இப்பிடித்தான்” என்றார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் விலையில் குறைவொன்றுமில்லை. வாங்கும்போது விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்.

கடகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பட்டையாக இழைத்து நாரால் பொத்தியது. சின்ன வெங்காயம் அதில்தான் இருக்கும். வாளியில் போட்டால் வேர்த்து அழுகுகிறது, கடகத்தில் காற்றோட்டமாகக் கிடக்கிறது. அடிப்பக்கம் ஒருமுறை பிய்ந்து, ஆச்சியே வேறு ஓலை வைத்துத் தந்தார்.

உரல் அம்மாவின் அம்மா பாவித்தது. கையில் எடுத்தால் நல்ல பாரம். முதிரைக்கு உரிய மஞ்சள் நிறம் கைபட்டுக் கைபட்டு மினுங்குகிறது. அடியில் பித்தளைத் தட்டு. புத்தி கெட்டு ஒருநாள் இரவு முழுக்கச் சுடுநீரில் ஊறவிட்டேன். காலையில் மேல்கட்டை ஊதி உள்ளே இறுகிவிட்டது, இழுத்தாலும் வரவில்லை. நிழலில் நான்கு நாள் காய்ந்த பிறகுதான் கழன்றது. உரலின் வாயில் மயிரிழை அளவு வெடிப்பு. தெரிந்த தச்சர் ஒருவர் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். மாதம் ஒருமுறை தடவுகிறேன், வெடிப்பு வளரவில்லை. பிழியும்போது தோள் நோகும் என்பது உண்மை. ஆனால் மா கையோடு சேர்ந்து இறங்குவதை உணர முடிகிறது. தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பது முதல் அழுத்தத்திலேயே தெரிந்துவிடும்.

சாயம் போட்ட ஓலையில் செய்த கைப்பை, மூடிப்பெட்டி எல்லாம் இப்போது நன்றாக வருகின்றன. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்தில் வாங்கிய சிவப்பும் பச்சையுமான மூடிப்பெட்டி ஒன்று என்னிடம் உண்டு. காப்பு, தோடு வைக்க அருமை. சாயம் போட்டது எதையும் குசினிக்குக் கொண்டுபோக வேண்டாம். ஈரக்கை பட்டால் நிறம் இறங்கும்.

ஆறாவது நீத்துப்பெட்டியைப் போன கிழமை வாங்கினேன். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெறும் பெட்டியாக இரண்டு தடவை அவித்த பிறகு நேற்று அரிசிமாப் புட்டு. பச்சோலை மணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சின்னவன் அதுதான் நல்லாயிருக்கு என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.